வஞ்சியூரில் மறுக்கப்பட்ட சாட்சி எர்ணாகுளத்தில் என்ன ஆவார்?

கொலை வழக்கு விசாரணை முடியப்போகும் கட்டம். அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் கூண்டேறி இறங்கிவிட்டார்கள். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பாதகமாக வந்த சாட்சியங்களை நீதிபதி ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கம் கேட்டுப் பதிந்துகொள்கிறார். பிறகு ஒரு கேள்வி வருகிறது: உங்கள் தரப்பில் சாட்சி உண்டா? திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகமானாலும், நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, ஆற்றிங்கல் நீதிமன்றங்களானாலும், பல வழக்குகளில் இதற்குப் பதில் "இல்லை" என்பதுதான். வழக்குக் கட்டில் அது ஒரு வரியாகப் பதிவாகி, வழக்கு வாதத்துக்குப் போய்விடும்.

"உண்டு" என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தம்பானூர் பக்கம் ஒரு ராத்திரி நடந்த அடிதடியில் ஒருவர் இறந்துபோகிறார், இவர்மேல் வழக்கு. அந்த நேரத்தில் தான் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்ததாக இவர் சொல்கிறார். கூட நின்ற கணக்கரைப் போலீஸ் விசாரிக்கவில்லை, சாட்சிப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. கணக்கருக்குச் சம்மன் அனுப்பக் கேட்டு எதிரித் தரப்பு மனுப் போடுகிறது. காலம் கடத்தும் நோக்கில் போட்ட மனு என்று ஒரே வரியில் அது தள்ளுபடியாகிறது. அடுத்த மாதம் தீர்ப்பு, ஆயுள் தண்டனை. அவர் பூஜப்புரை மத்தியச் சிறைக்குப் போகிறார். மேல்முறையீடு சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. இந்த ஆளும் வழக்கும் கற்பனைதான். அந்த ஒரு வரி உத்தரவு கற்பனை இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் ரத்தான அப்படிப்பட்ட உத்தரவுகளைச் சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் காணலாம்.

சட்டத்தில் இப்படி மறுப்பதற்கு இடம் மிகக் குறுகலாகவே விடப்பட்டிருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 233-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அதுவே 256. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட விசாரணைகள் பழைய சட்டப்படியே நடக்கின்றன. இரண்டுமே சொல்வது ஒன்றுதான்: செஷன்ஸ் வழக்கில் எதிரி ஒரு சாட்சியையோ ஆவணத்தையோ வரவழைக்கக் கேட்டால் நீதிபதி சம்மன் அனுப்பியாக வேண்டும். மறுக்க வேண்டுமானால், அந்த மனு தொந்தரவு கொடுக்கவோ, காலம் கடத்தவோ, நீதியின் நோக்கத்தைக் கெடுக்கவோ போடப்பட்டது என்று அவர் கருத வேண்டும். அப்படிக் கருதுவதற்கான காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். சாட்சி சொல்லப்போவதை நம்ப முடியாது என்பது மறுப்பதற்கு ஒரு காரணமே அல்ல. கேட்பதற்கு முன்பே எப்படி நம்பாமல் இருப்பது?

நடைமுறையில் அந்த அவநம்பிக்கைதான் முதலில் நிற்கிறது. எதிரி கூட்டிவரும் சாட்சி உறவுக்காரர் அல்லது சிநேகிதர், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போவார் என்ற எண்ணம் நீதிமன்ற வராந்தாவிலேயே உண்டு. 1981-இல் துத் நாத் பாண்டே வழக்கில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இதை நேரடியாகவே தொட்டார். அரசுத் தரப்புச் சாட்சிக்குத் தரும் அதே மதிப்பை எதிரித் தரப்புச் சாட்சிக்கும் தர வேண்டும், அவர்களை எடுத்த எடுப்பில் நம்ப மறுக்கும் பழக்கத்தை நீதிமன்றங்கள் விட வேண்டும் என்றார். அந்த வழக்கில் எதிரி சொன்னதும், சம்பவ நேரத்தில் தான் வேறு இடத்தில் வேலையில் இருந்தேன் என்பதுதான். உச்ச நீதிமன்றம் அதை எடைபோட்டுப் பார்த்து ஏற்கவில்லை, குற்றத் தீர்ப்பு நிலைத்தது. ஆனாலும் கேட்டுவிட்டு நிராகரிப்பதற்கும் கேட்காமலே நிராகரிப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முதலாவதில் எதிரிக்கு ஒரு பதில் கிடைக்கிறது. மேல்முறையீட்டில் சரி தவறு பார்க்க ஒரு வாக்குமூலமும் கட்டில் இருக்கிறது. இரண்டாவதில் அந்த இடம் வெறும் தாள்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு காசோலை வழக்கு இதில் முக்கியமானது. காசோலையில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்றார் எதிரி. கையெழுத்து நிபுணருக்கு அனுப்பக் கேட்டார். மாஜிஸ்திரேட் மறுத்தார், சென்னை உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. கல்யாணி பாஸ்கர் வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்லும் அந்த வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்தது. தன் வாதத்தை நிரூபிக்க வேண்டிய சாட்சியத்தைக் கொண்டுவர விடாமல் தடுத்தால் அங்கே நியாயமான விசாரணையே இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 2013-இல் நடாஷா சிங் வழக்கு. மூன்று சாட்சிகளை விசாரிக்கக் கேட்ட மனுவை சிபிஐ தனி நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் தள்ளிவிட்டன; உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

இந்த இரண்டு வழக்குகளுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. இரண்டிலும் குற்றத் தீர்ப்பு வருவதற்கு முன்பே மேலே போய்விட்டார்கள். நடைமுறையில் இதுதான் மிக முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். சாட்சியை அழைக்க மறுக்கும் உத்தரவு இடைக்கால உத்தரவு. அதன்மேல் சீராய்வு மனு நிற்காது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைத்தான் நாட வேண்டும்: பழைய சட்டத்தில் 482-ஆம் பிரிவு, புதியதில் 528. வசதியுள்ள எதிரி அந்த வாரமே எர்ணாகுளத்தில் வழக்கறிஞர் வைத்துவிடுவார். சட்ட உதவி மையம் அமர்த்தித் தந்த வழக்கறிஞரை நம்பி, ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்? தீர்ப்பு வரும்வரை காத்திருப்பார். வந்த பிறகு, அறுபது நாளுக்குள் போட வேண்டிய மேல்முறையீட்டில் இதை ஒரு காரணமாகச் சேர்ப்பார்.

அங்கே அவர் எதிர்கொள்வது வேறொரு சட்டம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 167, இப்போது பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தில் 169. ஒரு சாட்சியத்தைத் தவறாக மறுத்துவிட்டார்கள் என்பது மட்டுமே தீர்ப்பை மாற்றக் காரணமாகாது. அதை ஏற்றிருந்தாலும் முடிவு மாறியிருக்கத் தேவையில்லை என்று மேல் நீதிமன்றம் கருதினால் தீர்ப்பு நிற்கும். நடைமுறைச் சட்டத்தின் 465-ஆம் பிரிவும் இதே திசைதான்: நீதி பிறழ்ந்தது என்று காட்டாதவரை விசாரணையில் நேர்ந்த பிழைகள் தீர்ப்பைக் கவிழ்க்காது. கேரள உயர் நீதிமன்றமும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. எதிரியைத் தன் தரப்பைச் சொல்ல அழைக்குமுன் நடத்த வேண்டிய, 232-ஆம் பிரிவு சொல்லும் வாதத்தை நடத்தாமல் விட்டுவிட்டாலும், அதனால் உண்மையான பாதிப்பு ஏற்பட்டதாக நிரூபித்தால்தான் விசாரணை கெடும் என்று 2009-இல் மொய்து வழக்கில் சொன்னது. பிந்தைய தீர்ப்புகள் அதையே எடுத்துக்காட்டி வருகின்றன.

ஒரு வாதத்தைக் கேட்காமல் விடுவதற்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். சாட்சியையே கேட்காமல் விடுவதற்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கணக்கர் கூண்டேறவே இல்லை. அரசு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறுவாரா, சரக்குச் சீட்டை எடுத்து நீட்டுவாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் பேசியிருந்தாலும் முடிவு மாறாது என்று எழுத எந்த நீதிபதிக்கும் கையில் ஆதாரம் இல்லை. அவர் பேசாமல் போனதால் ஏற்பட்ட பாதிப்பை நிரூபி என்று சிறையில் இருப்பவரிடம் கேட்பதும் அநியாயம். நிரூபிக்கத் தேவையானதைத்தான் கீழ் நீதிமன்றம் வாங்க மறுத்தது.

அமெரிக்கா இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தது. டெக்சாஸில் ஒரு சட்டம் இருந்தது: ஒரே குற்றத்தில் சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒருவருக்காக ஒருவர் சாட்சி சொல்லக்கூடாது. டாலஸில் ஜாக்கி வாஷிங்டன் என்ற இளைஞர்மீது கொலை வழக்கு. ஏற்கெனவே தண்டிக்கப்பட்ட இன்னொருவர், சுட்டது நான்தான், இவன் என்னைத் தடுக்கவே பார்த்தான் என்று சொல்லத் தயாராக இருந்தார். அந்தச் சட்டத்தைக் காட்டி அவரைப் பேச விடவில்லை. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தனக்காகச் சாட்சி சொல்ல ஆளை வரவழைப்பது அரசியல் சாசனம் தரும் உரிமை என்றது. ஆறு ஆண்டு கழித்து மிசிசிப்பியிலிருந்து லியோன் சேம்பர்ஸ் வழக்கு வந்தது. ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றதாக அவருக்குத் தண்டனை. சுட்டது நான்தான் என்று வேறொருவர் மூன்று நண்பர்களிடம் தனித்தனியே சொல்லியிருந்தார், எழுதியும் கொடுத்துப் பிறகு மறுத்தார். அந்த மூன்று நண்பர்களின் சாட்சியம் செவிவழிச் செய்தி என்று தள்ளப்பட்டது. ஒப்புக்கொண்டு மறுத்த ஆளையோ சேம்பர்ஸ் தரப்பே அழைத்திருந்தது. தான் அழைத்த சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்யக்கூடாது என்பது அந்த மாநிலத்தின் பழைய விதி. 1973-இல் அந்தத் தண்டனையும் ரத்தானது. நம் சாட்சியச் சட்டமோ, தான் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணைக் கேள்விகள் கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று 1872-லேயே 154-ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. எழுத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர்.

மறுபக்கமும் பொய்யில்லை. தமிழ்நாட்டின் ஊழல் வழக்கு ஒன்றில் எதிரித் தரப்பு 267 சாட்சிகளின் பட்டியலைக் கொடுத்தது. 2000-இல் அறிவழகன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி நீளும் பட்டியலைச் சலித்துப் பார்க்க விசாரணை நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றது. சரியான தீர்ப்பு. கொலையுண்டவரின் வீட்டாரும் வாய்தாவுக்கு வாய்தா அதே வஞ்சியூர் வராந்தாவில்தான் காத்து நிற்கிறார்கள். ஆனால் 267 பேரைச் சலிப்பதற்குச் சொன்ன வார்த்தைகளை எடுத்து ஒரே ஒரு கணக்கரைத் தடுக்கப் பயன்படுத்துவதுதான் கோளாறு. ஒரு சாட்சிக்கு ஒரு மணி நேரம் போதும். அவர் பொய் சொன்னால் அதற்கும் தண்டனை இருக்கிறது.

இதில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மண். இன்றும் வேலைக்கும் வியாபாரத்துக்கும் களியிக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் ஏராளம். அங்கே ஒரு வழக்கில் சிக்கும் தமிழருக்குக் கீழ் நீதிமன்றத்தில் மலையாளச் சாட்சியம், ஆங்கிலத் தீர்ப்பு. எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் பதிவானால், அவருக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்: பழையதில் 279, புதியதில் 314. ஊர்க்காரர் ஒருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டுமென்றால், அவர் மாநிலம் தாண்டி வர வேண்டும்; ஒரு நாள் கூலி போகும். மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாரண்ட் வழக்கில் சாட்சியின் செலவுப் பணத்தை எதிரியே முன்கூட்டிக் கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது. உயர் நீதிமன்றமும் பக்கத்தில் இல்லை. திருவிதாங்கூர் உயர் நீதிமன்றம் இருந்த நகரம்தான் திருவனந்தபுரம். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அது எர்ணாகுளத்துக்குப் போனது. ஓர் அமர்வாவது வேண்டுமென்ற கோரிக்கை தலைமுறைகளாக அப்படியே கிடக்கிறது.

ஆகவே எதிரித் தரப்பு வழக்கறிஞரின் வேலை கீழ் நீதிமன்றத்திலேயே முடிய வேண்டும். சாட்சி உண்டு என்று வாயால் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. மனு எழுத்தில் இருக்க வேண்டும்; சாட்சி யார், எதைப் பார்த்தவர், அது வழக்கின் எந்த இடத்தை மாற்றும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மறுத்தால் அந்த உத்தரவின் நகலுக்கு அன்றே மனுப் போட வேண்டும். மேல்முறையீட்டு நீதிபதி பார்ப்பது கட்டில் இருக்கும் தாள்களைத்தான். அழைக்கக் கேட்காத சாட்சியை மறுத்துவிட்டார்கள் என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

உயர் நீதிமன்றத்தின் கையிலும் ஒரு கருவி இருக்கிறது, அது போதிய அளவு பயன்படுவதில்லை என்பது என் ஆதங்கம். தீர்ப்பை அப்படியே நிறுத்துவது அல்லது முழு விசாரணையையும் திரும்ப நடத்தச் சொல்வது என்ற இரண்டு வழிதான் உண்டு என்பதுபோலவே பல மேல்முறையீடுகள் வாதிக்கப்படுகின்றன. மறுவிசாரணை அரிதினும் அரிதாகத்தான் கிடைக்கும். 2017-இல் அஜய் குமார் கோஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் அழுத்திச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே நடைமுறைச் சட்டத்தின் 391-ஆம் பிரிவு, புதிய எண் 432, மூன்றாவது வழி ஒன்றைத் தருகிறது. மேல்முறையீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கூடுதல் சாட்சியம் வேண்டுமென்று உயர் நீதிமன்றம் கருதினால் தானே அதைப் பதியலாம் அல்லது கீழ் நீதிமன்றத்தைப் பதியச் சொல்லலாம். எதிரி முன்னிலையில் இல்லாதபோது பன்னிரண்டு சாட்சிகளைப் பதிந்துவிட்ட ஒரு ராஜஸ்தான் வழக்கில் அந்த மாநில உயர் நீதிமன்றம் இந்தத் திசையில்தான் போனது: அவர்களை மட்டும் திரும்ப விசாரிக்கச் சொன்னது. 2019-இல் ஆத்மா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்று ஏற்றது.

நம் கணக்கருக்கும் அதுவே போதும். மேல்முறையீட்டின் முதல் விசாரணையிலேயே வழக்கறிஞர் இந்த மனுவைப் போட வேண்டும், இறுதி வாதம் வரை ஒத்திப்போடாமல் நீதிபதிகள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டு எர்ணாகுளத்திலிருந்து வஞ்சியூருக்கு வரும். செஷன்ஸ் நீதிபதி கணக்கருக்குச் சம்மன் அனுப்புவார். எதிரியோ அவருடைய வழக்கறிஞரோ முன்னால் இருக்க அவரை விசாரிப்பார். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். அந்த வாக்குமூலம் நீதிபதியின் சான்றோடு எர்ணாகுளத்துக்குத் திரும்பிப் போகும். அதற்குப் பிறகு அதை நம்பலாமா என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் எழுதட்டும்.