‘இஸ்கூல்’னு சொன்னா குத்தமா பாஸ்?

செஞ்சி பக்கம் போனா பேர்ப்பலகையைப் பாருங்க. தமிழ்ல ‘செஞ்சி’. இங்கிலீஷ்ல ‘ஜிஞ்ஜீ’ன்னு படிக்கிற மாதிரி ஒரு ஸ்பெல்லிங்! வெள்ளைக்காரங்க அவங்க நாக்குக்கு வளைஞ்சபடி எழுதிட்டுப் போனது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல கோட்டை சேர்ந்தப்பவும் அதே ஸ்பெல்லிங்தான். யாரும் ‘மிஸ்டேக்’னு சிரிக்கல. ஆனா நம்ம பையன் ‘இஸ்கூல்’னு சொன்னா மட்டும் க்ளாஸே சிரிக்குது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

இந்தக் கேள்வியை சீரியஸா எடுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் படிக்கலாம் தெரியுமா? பேரு பயன்பாட்டு மொழியியல், அதாவது அப்ளைடு லிங்க்விஸ்டிக்ஸ். எம்.ஏ. இங்கிலீஷ்னாலே ஷேக்ஸ்பியர்னு பயப்படாதீங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் கோச்சிங்கும் இல்ல. மனுஷன் இன்னொரு மொழியை எப்படிக் கத்துக்கிறான், எங்கே தடுக்குது, ஏன் தடுக்குதுன்னு நோண்டிப் பார்க்கிற படிப்பு.

‘இஸ்கூல்’ மேட்டருக்கே வருவோம். தமிழ் மரபுல ஒரு சொல் ரெண்டு மெய்யெழுத்து சேர்ந்து ஆரம்பிக்காது, ‘ர’விலும் ஆரம்பிக்காது. அதனாலதான் செஞ்சியின் ராஜகிரி மலையை ‘இராசகிரி’ன்னு எழுதறாங்க. முன்னாடி ஒரு ‘இ’ போட்டு நாக்குக்குப் படிக்கட்டு! இஸ்கூலும் அதே படிக்கட்டுதான். ஸ்பெயின்ல பள்ளிக்கூடத்துக்குப் பேரே ‘எஸ்குவேலா’. அவங்களை யாரு கிண்டல் பண்றா? ‘எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’னு சொல்றோமே, அந்த ‘ஒன்லி’ நம்ம ‘நேத்துதான்’ல இருக்கிற ‘தான்’. தப்புங்கறது முட்டாள்தனம் இல்ல, கத்துக்கிறவன் மனசுக்குள்ள ஒரு இலக்கணம் கட்டிக்கிட்டிருக்கான்கிறதுக்கு அடையாளம்னு எடின்பரோவின் பிட் கார்டர் 1967-லயே எழுதிட்டார்.

இந்தத் துறையில நம்மாளுங்க செம வெயிட்டு! யாழ்ப்பாணத்துக்காரர் சுரேஷ் கனகராஜா, போர் நடந்த காலத்துல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் நடத்தினவர். அமெரிக்கப் பாடப்புத்தகம் ஒண்ணை வெச்சு க்ளாஸ். மாணவர்கள் பாடத்தைவிட புத்தக ஓரத்துல கிறுக்கினதை அவர் கவனிச்சார். சினிமா, அரசியல், கேலிப் படம்னு ஒரே அதகளம். நம்ம வாத்தியாரா இருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பார். இவரோ, பாடத்துல இல்லாத தங்களோட வாழ்க்கையைப் பசங்க ஓரத்துல எழுதிக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, அதை 1999-ல் வந்த தன் புத்தகத்துல ஆராய்ச்சியாவே ஆக்கிட்டார். பிற்பாடு அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். உங்க நோட்டோட கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுடாதீங்க!

இன்னொருத்தர் என்.எஸ்.பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவர். 1979-லிருந்து 1984 வரை பெங்களூரு, சென்னைப் பக்கத்துப் பள்ளிகள்ல ஒரு சோதனை. இலக்கணமே நடத்தாம, மேப்பையும் டைம்டேபிளையும் கொடுத்து ‘எந்த ரயிலைப் பிடிக்கணும்?’ங்கிற மாதிரி கணக்கு போட வெச்சார். எடின்பரோ ஆட்கள் டெஸ்ட் வெச்சுப் பார்த்தாங்க. ரிசல்ட் ஓரளவு சாதகம்தான், சூப்பர் ஹிட்டுன்னு சொல்ல முடியாது. ஆனாலும் உலகம் பூரா டீச்சர் ட்ரெய்னிங் புத்தகங்கள்ல ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’ இன்னிக்கும் உண்டு.

எங்கே படிக்கலாம்? 1958-ல் ஆரம்பிச்சு, 2007-ல் மத்திய பல்கலைக்கழகமா மாறின ஹைதராபாத் இஃப்ளு இதுக்குப் பேர்போன இடம். செஞ்சி, விழுப்புரம் பசங்களுக்குக் கிட்டத்துல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியல் துறை இருக்கு. எந்த டிகிரி இருந்தாலும் சேர்த்துக்கற இடங்களும் உண்டு. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

‘இன்ஜினீயரிங் முடிச்சுட்டு எம்.ஏ.வா?’ன்னு வீட்ல குதிப்பாங்க. நானும் இன்ஜினீயரிங்தான், அந்தக் குதி எனக்கும் தெரியும்! கேம்பஸ்ல கம்பெனி வந்து அள்ளிட்டுப் போற படிப்பு இது இல்ல, அதை மறைக்க வேண்டாம். டீச்சிங், பாடப்புத்தகம், தேர்வுத்தாள் தயாரிப்புன்னு வேலைகள். இப்போ இன்னொண்ணும் சேர்ந்திருக்கு. போன்ல நீங்க ‘இஸ்கூல்’னு சொன்னாலும் அது புரிஞ்சுக்கணும்ல? அதைச் சொல்லிக் கொடுக்க கோடிங்கும் தெரியணும், நம்ம நாக்கும் தெரியணும்.

ஒரு டிப்ஸ். ‘எம்.ஏ. இங்கிலீஷ்’னு போர்டைப் பார்த்து ஃபீஸ் கட்டிடாதீங்க. சிலபஸ்ல ஒலியியல், மொழி கற்றல், தேர்வு வடிவமைப்பு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா அது ஷேக்ஸ்பியர் எம்.ஏ.தான்!