பெஹாலா: புதைந்த கிணற்றைத் தேடி

பம்பைக் கழற்றி எடுத்துவிடலாம். மண்ணுக்குள் போன குழாய் அங்கேயேதான் இருக்கிறது.

தெற்கு கொல்கத்தாவின் பெஹாலாவில் வீடு வாங்க வருபவர் பத்திரம், வில்லங்கம், வரி ரசீது என்று ஒன்று விடாமல் பார்க்கிறார். முற்றத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் கேட்டாக வேண்டும். 1984-ல்தான் பெஹாலா மாநகராட்சியோடு இணைந்தது. குழாய்த் தண்ணீர் பரவலாகும் முன் இங்கே வீட்டுக்கு வீடு அடிபம்போ, சுடுமண் உறைகளை அடுக்கிய 'பாத்குவா'வோதான் துணை. நம்மூர் உறைகிணற்றின் வங்காள உறவு அது. பின்னாளில் பம்பு பழைய இரும்புக்குப் போனது. கிணற்றின் மேல் சிமெண்ட் தளம் ஏறியது.

மறந்துவிட்டுப் போக முடியாதபடி பெஹாலாவுக்கு ஒரு முன்கதை உண்டு. பி.என். மித்ரா லேன் பகுதியில் இயங்கிய ரசாயன ஆலை ஒன்று 'பாரிஸ் கிரீன்' என்ற பூச்சிமருந்தைத் தயாரித்தது. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பச்சைப் பொடி அது. கழிவு வெளியே கொட்டப்பட்டது, மண்ணில் இறங்கியது, ஆழமில்லாத குழாய்க் கிணறுகளின் நீரில் கலந்தது. தெளிவான தண்ணீர், வாடையும் இல்லை. யார் சந்தேகப்படுவார்கள்? மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் தோன்றி, உள்ளங்கையும் பாதமும் காய்த்துத் தடித்து, கல்லீரலும் நரம்பும் கெட்ட பிறகுதான் 1980களின் பிற்பகுதியில் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் டி.என். குகா மஜூம்தார் குழுவினரின் ஆய்வு 1992-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது: 17 குடும்பங்களின் 79 பேரில் 53 பேருக்குப் பாதிப்பு. சில குழாய்களின் நீரில் அன்று அனுமதிக்கப்பட்ட அளவைப்போல 100 மடங்குக்கும் மேல் ஆர்சனிக். 1998-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழு தன் எட்டாண்டு ஆய்வை வெளியிட்டது. கழிவு கொட்டிய இடத்தில் ஒரு கிலோ மண்ணில் 20 கிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் கைவிடப்பட்ட குழாய் சும்மா கிடப்பதில்லை. துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், மேல்மண்ணின் அழுக்கை நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகும் குறுக்குவழி அது. அதனால்தான் தேடிப் பிடித்து அடைக்க வேண்டியிருக்கிறது.

எப்படித் தேடுவது? முதலில் வாய்விட்டுக் கேட்பதுதான். தெருவின் மூத்தவர்கள், பழைய பிளம்பர், முன்பு குடியிருந்தவர். பிறகு கண். சுவரில் பாதியில் நிற்கும் குழாய், மோட்டாருக்குப் போன பழைய ஒயர், தரையில் நிறம் மாறிய சிமெண்ட் ஒட்டு, மழைக்குப் பின் வட்டமாகத் தாழும் மண். இரும்புக் குழாய் என்றால் மெட்டல் டிடெக்டரோ காந்தமானியோ காட்டிக்கொடுத்துவிடும். செங்குத்தாக நிற்கும் இரும்பு தலைக்கு நேர் மேலே பலமாகச் 'சத்தம்' போடும். பிளாஸ்டிக் குழாயும் சுடுமண் உறையும் இந்தக் கருவிகளை ஏமாற்றிவிடுகின்றன. தரையை ஊடுருவும் ராடார் இருக்கிறதே என்றால், கொல்கத்தாவின் ஈரக் களிமண்ணில் அதன் அலைகள் சில அடிகளுக்குள் அடங்கிவிடும். லட்ச ரூபாய் கருவி தோற்கும் இடத்தில் நீண்ட கம்பியால் குத்திப் பார்க்கும் கொத்தனார் ஜெயித்துவிடலாம். ஆனால் சந்தேகமான இடத்தின் மேல் ஏறி நின்று குத்தக்கூடாது. அகலமான பலகை போட்டு ஓரத்திலிருந்து வர வேண்டும். உள்ளே இறங்கவே கூடாது. பழைய கிணற்றின் காற்றே ஆளைக் கொல்லும்.

மூடி போட்டதெல்லாம் மூடியதாகாது. இந்தூரில் கோயிலுக்குள் பழைய படிக்கிணற்றின் மேல் போட்ட தளம் 2023 மார்ச் 30-ல், ராமநவமி கூட்டத்தோடு இடிந்து விழுந்தது. 36 பேர் இறந்தனர். மணப்பாறை அருகே 2019 அக்டோபரில் வீட்டருகே இருந்த பயனற்ற ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த 2 வயதுக் குழந்தையை நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகு சடலமாகத்தான் எடுக்க முடிந்தது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது.

பெஹாலாவில் கிணறு அகப்பட்டால் முதல் வேலை நீர் மாதிரி எடுத்து ஆர்சனிக் சோதனைக்கு அனுப்புவது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இன்றைய வரம்பு. அடுத்து, குப்பையும் கட்டட இடிபாடும் போடாமல், களிமண்ணோ சிமெண்ட் குழம்போ கொண்டு அடியிலிருந்து நிரப்புவது. கடைசியாக, இரண்டு சுவர்களிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, வீட்டுப் பிளானில் குறித்து, பத்திரத்தோடு சேர்த்து வைப்பது.