மழைத்திரையை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள்!

ஐப்பசி மாதமொன்றில் கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே கணவனை இழந்த சகோதரி ஒருவர் முச்சக்கரவண்டி ஓட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்து வருகிறார். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பின்னர் சந்தை ஹயர், மாலையில் வைத்தியசாலை ஹயர் என அவரது நாள் ஓடுகிறது. நான் போனபோது வண்டியின் பக்கத் திரைகளை முற்றத்தில் விரித்துவிட்டு யோசனையோடு இருந்தார்.

"பாருங்கோ மிஸ், போன மாரிக்குத்தான் காசு குடுத்துத் தைப்பிச்சனான். இப்ப கஞ்சித்தண்ணி மாதிரிக் கிடக்கு. வெளியில ஒண்டும் தெரியேல்லை."

திரையின் நடுவே மடிப்புக் கோட்டில் வெடிப்பும் இருந்தது. "எங்கே வைத்திருந்தீர்கள் அக்கா?" என்று கேட்டேன். மழை விட்டதும் ஈரத்தோடு நாலாய் மடித்து, சீற்றுக்குப் பின்னால் திணித்து, மேலே ஜக்கையும் வைத்தாராம்.

சகோதரிகளே, இது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் புதுத்திரை தைப்பதென்றால் பல நாள் ஹயர்க் காசு போய்விடும். லீசிங் கட்டுப்பணமோ காத்திருக்காது. பிள்ளைகள் நனைந்தால் பெற்றோர் வேறு வண்டி தேடுவார்கள். பின்பக்கத் திரை மங்கினால் வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில் நிற்கும் குழந்தைகூடத் தெரியாது. இருட்டும் நேரத்தில் தனியே ஓடும் பெண்ணுக்கு நாலாபுறமும் தெரிவது பாதுகாப்பும் ஆகும்.

ஏன் மங்குகிறது?

திரையில் உள்ளது கண்ணாடி அல்ல. பீ.வீ.சீ எனப்படும் பிளாஸ்டிக். அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்றதொரு பதார்த்தம் சேர்க்கப்பட்டிருக்கும். வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அப்போது பிளாஸ்டிக் மஞ்சளாகி, விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும். 2009இல் முகாம்களில் தறப்பாளின் கீழ் வாழ்ந்த எமக்கு இது புதிதல்ல. வெயில் பட்ட தறப்பாள் நாளடைவில் உக்கிக் கிழிவதைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

எப்படிக் கழுவுவது?

வன்னியின் கிரவல் வீதிப் புழுதிதான் முதல் எதிரி. காய்ந்த துணியால் துடைத்தால் அந்தப் புழுதியே அரத்தாள் போலக் கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிடுங்கள். பின்னர் மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் வேண்டாம். அவை அன்று பளிச்சென்று காட்டினாலும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். தும்பும் பிரஷ்ஷும் படவே கூடாது.

எப்படி வைப்பது?

• நிழலில், காற்றில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டினால் வெள்ளை படரும். தையலில் பூஞ்சணம் பிடிக்கும்.

• ஒருபோதும் மடிக்க வேண்டாம். பழைய சேலைத் துண்டை விரித்து, அதன்மேல் திரையை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் முட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

• பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள். அச்சு மை பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும்.

• அதன்மேல் பாரம் ஏற்றாதீர்கள். தகரக் கூரையின் அடியில் செருகவும் வேண்டாம். வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில், எலிக்கு எட்டாமல் வையுங்கள்.

• சிப் இறுகினால் பலவந்தமாக இழுக்காமல் மெழுகுதிரியை அதன்மேல் தேயுங்கள்.

• அதிகாலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும். கொஞ்சம் சூடேறிய பின்னர் விரியுங்கள்.

பின்பக்கத் திரையை எந்நாளும் கழற்ற முடியாது. ஆகவே வண்டியை மர நிழலில் விடுங்கள். நிழல் இல்லாவிடில் பின்புறத்தில் வெளிர்நிறத் துணியைத் தொங்கவிடுங்கள். வெயிலில் கொதிக்கும் கம்பி பிளாஸ்டிக்கில் முட்டும் இடம் கருகிக் கோடு விழும். அந்தக் கம்பிக்கும் துணி சுற்றலாம்.

ஏற்கெனவே மங்கிவிட்டதா?

மஞ்சளாகி விறைத்தது மீண்டும் தெளியாது. பற்பசை தேய்த்தால் புதுக்கீறலும் விழலாம். ஆனால் முழுத்திரையையும் எறியத் தேவையில்லை. றெக்சின் நல்லதாக இருந்தால், தெளிவான துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகத் தைக்கும்படி குஷன் கடையில் கேளுங்கள். செலவு குறையும். தையல் தெரிந்த சகோதரிகள் இதனையே ஒரு கைத்தொழிலாகவும் பழகலாம்.

அந்தச் சகோதரியும் அவ்வாறே துண்டுகளை மட்டும் மாற்றினார். மாரி முடிந்ததும் திரைகளைக் கழுவி உலர்த்தி, பழைய சேலையோடு சுருட்டி, சாமியறை மூலையில் சாத்தி வைத்தார். சோளகக் காற்றும் புழுதியும் கடந்து அடுத்த ஐப்பசியில் அவரைச் சந்தித்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாடசாலை வாசலில் நின்ற அவரது வண்டித் திரையினூடாக உள்ளே இருந்த பிள்ளைகளின் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"ஒருத்தரும் நனையேல்லை மிஸ்" என்றார் சிரித்தபடி.