படைவீரர்கள் அணியும் உடல்நல உணரிகள்

படைவீரர்கள் அணியும் உடல்நல உணரிகள் என்பவை வீரர்களின் இதயத் துடிப்பு, தூக்கம், தோல் வெப்பநிலை, அசைவு ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்கும் சிறு கருவிகள் ஆகும். கைக்கடிகாரம், மோதிரம், மார்புப் பட்டை ஆகிய வடிவங்களில் இவை உள்ளன. பெரும்பாலும் இவற்றின் அளவீடுகள் கைப்பேசிச் செயலி ஒன்றில் சேர்கின்றன. களைப்பு, வெப்பத் தாக்கம், நோய்த்தொற்று ஆகியவற்றை அவை முற்றுவதற்கு முன்பே கண்டறிவது இவற்றின் நோக்கம். வலியையும் சோர்வையும் வெளியே சொல்லாமல் தாங்கிக்கொள்வது படைகளில் பரவலான பழக்கம். அதனால், வீரர் வாய்திறந்து சொல்லாததைக் காட்டும் இக்கருவிகள் அங்கு முக்கியத்துவம் பெறுகின்றன.

செயல்படும் முறை

கைக்கடிகாரத்தின் அடிப்புறத்தில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்த நாளங்களில் இரத்தத்தின் அளவு மாறுவதால், திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. இதைக் கொண்டு நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எப்போதும் சற்று வேறுபடும். ஓய்வின்போது இந்த வேறுபாடு வழக்கத்தைவிடக் குறைந்தால், அது களைப்பு, மன அழுத்தம் அல்லது நோயின் அறிகுறியாக இருக்கலாம். முடுக்கமானி எனப்படும் அசைவு உணரி, தூங்கிய நேரத்தை மதிப்பிட உதவுகிறது. ஆளுக்கு ஆள் உடல் வேறுபடும் என்பதால், ஒருவரின் அளவீடு அவரது வழக்கமான அளவோடு ஒப்பிடப்படுகிறது.

வெப்பத் தாக்கம்

கடும் உழைப்பின்போது உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டி மூளையின் செயல்பாடு குழம்பும் நிலை உயிருக்கு ஆபத்தானது. உள்வெப்பநிலையை நேரடியாக அளக்க விழுங்கும் மாத்திரை வடிவ உணரிகள் உள்ளன. ஆனால் ஆயிரக்கணக்கானோருக்கு நாள்தோறும் அவற்றைக் கொடுப்பது கடினம். எனவே அமெரிக்கத் தரைப்படையின் சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வு நிறுவனம், தொடர்ச்சியான இதயத் துடிப்பு அளவீடுகளிலிருந்தே உள்வெப்பநிலையை மதிப்பிடும் கணக்கீட்டு முறையை உருவாக்கியது.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேல்சில் நடந்த நிகழ்வு சான்றாகும். 2013 ஜூலையில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில், கடும் வெயிலில் நடந்த பிரித்தானியச் சிறப்புப் படைத் தேர்வுப் பயிற்சியில் மயங்கி விழுந்த மூன்று வீரர்கள் இறந்தனர். வீரர்களிடம் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் இருந்தன. எனினும், அசையாமல் கிடந்தவர்கள் உடனே கவனிக்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது.

தூக்கமின்மை

2017இல் அமெரிக்கக் கடற்படையின் பிட்செரால்ட், ஜான் எஸ். மெக்கெயின் ஆகிய போர்க்கப்பல்கள் இரு மாத இடைவெளியில் வணிகக் கப்பல்களுடன் மோதின. முதல் விபத்தில் 7 பேரும் இரண்டாவதில் 10 பேரும் உயிரிழந்தனர். மாலுமிகளின் களைப்பும் காரணங்களுள் ஒன்று என விசாரணைகள் தெரிவித்தன. பின்னர் அக்கடற்படையின் சுகாதார ஆய்வு மையம், மாலுமிகளுக்கு ஓரா மோதிரங்களும் கார்மின் கைக்கடிகாரங்களும் கொடுத்து, கப்பலில் அவர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என ஆராயத் தொடங்கியது.

நோய்த்தொற்று

கொரோனா பரவிய காலத்தில் இதே இரு வகைக் கருவிகளை அணிந்த 9,381 அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணியாளர்களின் தரவுகள் ஆராயப்பட்டன. பரிசோதனைக்குச் சராசரியாக 2.3 நாட்களுக்கு முன்பே தொற்றைக் கணிக்க முடிந்ததாக 2022இல் வெளியான ஆய்வு கூறியது. பலர் நெருக்கமாக வாழும் கப்பலிலும் முகாமிலும் இரண்டு நாள் முன்னறிவிப்பு பெரிய உதவியாகும்.

தரவு கசியும் ஆபத்து

உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத்தை 2017 நவம்பரில் வெளியிட்டது. ஆப்கானித்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பகுதிகளில் படைத்தளங்களின் வடிவம் அதில் பளிச்செனத் தெரிந்ததை 2018 ஜனவரியில் ஆத்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். வரைபடத்தில் யாருடைய பெயரும் இல்லை. ஆயினும் அன்றாட ஓட்டப் பயிற்சியே தளத்தின் எல்லையைக் காட்டிக்கொடுத்தது. 2018 ஆகத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, போர்ச் செயற்பாட்டுப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

வரம்புகளும் நம்பிக்கையும்

கருவி தளர்வாக இருப்பது, கடுங்குளிர், வேகமான அசைவு, பச்சை குத்திய தோல் ஆகியவை ஒளி உணரியின் அளவீட்டைக் குழப்பக்கூடும். தூக்கத்தின் மொத்த நேரத்தைவிட அதன் நிலைகளைக் கணிப்பதில் பிழை அதிகம். எனவே இவ்வளவீடுகள் மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகா.

தரவை யார் பார்ப்பது என்பதும் முக்கியமானது. மோசமான தூக்க அளவீடு பதவி உயர்வைப் பாதிக்கும் என வீரர் அஞ்சினால், கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். உதவி தேவைப்படுபவரே அப்போது கணக்கிலிருந்து மறைந்துபோவார். தனிநபர் விவரங்களை வீரருக்கும் மருத்துவருக்கும் மட்டும் காட்டி, குழுவின் சராசரியை மட்டும் தளபதிக்குக் கொடுப்பது இதற்கான ஒரு வழியாகும். ஆனால் வெப்பத் தாக்கம் போன்ற உடனடி ஆபத்தில் குறிப்பிட்ட வீரர் யார் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எந்தத் தரவு, யாருக்கு, எப்போது என்பதை முன்கூட்டியே வகுத்து வீரர்களுக்குத் தெரிவிப்பது இதனால் அவசியமாகிறது.