இடம் பெயர்ந்த வீடுகள்

"ஊர் வீட்டை வித்தாச்சு" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். விற்ற வீடு என்ன ஆகிறது? செட்டிநாட்டுப் பக்கம் என்றால் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும், சுவர் மண்ணாகும்.

வேறொரு வழியும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளே வீடுகள்தாம். தென்னகத்தின் பல ஊர்களில் இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, தூண், உத்தரம், நிலைப்படி எனப் பிரித்து, 10 ஏக்கர் நிலத்தில் மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். கேரளத்து மரவீடு மூட்டு மூட்டாகக் கழன்று வரும். மண் சுவர் அப்படி வராது. புதிதாகத்தான் எழுப்ப வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டில்தான் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டைக் காட்டுங்கள். புயல் காற்று மோத அதில் மூலையே கிடையாது; கூரையும் தாழ இறங்கியிருக்கும். அப்படியே தஞ்சாவூர் விவசாயி வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அறுவடை நெல்லும் மாட்டுக் கொட்டில் வாசனையும் இல்லாமல், அது சற்று அதிகச் சுத்தம் என்று எனக்குப் படும். ஆனாலும் எந்தத் தூண் எந்த முற்றத்தைப் பார்த்து நின்றது என்பது அங்கே தெரிகிறது. கடையில் சாத்தி வைத்த தூணில் அது தெரியாது.