காம்பும் ஆப்பும்

சென்னைக்குத் தெற்கே உள்ள பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வு அதிலிருந்தே தொடங்குகிறது. பழங்கற்கால மாந்தரின் கைக்கோடரிக்குக் காம்பு கிடையாது. உள்ளங்கையே அதற்குக் காம்பு. ஆகவே, கை விரையும் அளவுக்கே கல்லும் விரைந்தது. பின்னாளில் மூன்றடி நீள மரக்காம்பு சேர்ந்தபோது, கோடரியின் தலை பெரிய வட்டத்தின் விளிம்பில் சுழலத் தொடங்கியது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே, விறகைப் பிளக்கும் வலிமையில் காம்புக்கும் பெரும் பங்கு உண்டு.

'குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு' என்பது பழமொழி. தன் இனத்தையே வெட்டத் துணைபோகும் மரத்துண்டு என்பதால் அதற்கு இந்தப் பழி. ஆனால், விறகு பிளப்பவரின் உயிரும் அருகில் நிற்பவரின் உயிரும் அந்தக் காம்பையே நம்பியிருக்கின்றன என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

சமையல் எரிவாயு பரவுவதற்கு முன் சென்னையின் அடுப்புகள் விறகால் எரிந்தன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. மயிலாப்பூரை ஒட்டிச் செல்லும் அக்கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் வந்தன; இன்று அதன் மேலே பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. விறகை எடைபோட்டு விற்ற இடங்களுக்கு 'விறகுத் தொட்டி' என்று பெயர். அங்கே சவுக்குக் கட்டைகள் குவிந்திருக்கும். அவற்றைப் பிளக்கும் கோடரிகளும் ஓயாது இயங்கும். இரும்புத் தலை ஒரு தலைமுறையைத் தாண்டியும் உழைக்கும். காம்பு அப்படியன்று, அதனை மாற்றியே ஆகவேண்டும்.

காம்புக்கு ஏற்ற மரம் கடினமாக இருந்தால் மட்டும் போதாது. அடியின் அதிர்வைத் தாங்கி வளைந்து நிமிரவும் வேண்டும். தமிழ்நாட்டில் கருவேல மரம் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. காடு சார்ந்த பகுதிகளில் வெக்காலி, சடச்சி முதலிய மரங்களும் உதவின. அமெரிக்கர் ஹிக்கரி மரத்தையும் ஆங்கிலேயர் ஆஷ் மரத்தையும் நாடுவதற்கும் காரணம் இதுவே. எம்மரமாயினும் நார் ஓடும் திசையே முதன்மையானது. பக்கவாட்டில் பார்க்கும்போது நார்க்கோடுகள் அடியிலிருந்து நுனிவரை தொடர்ந்து ஓட வேண்டும். நடுவிலேயே சரிந்து வெளியேறினால், அந்த இடத்தில் காம்பு ஒருநாள் முறியும். அறுத்த மரத்தைவிடப் பிளந்த மரம் காம்புக்குச் சிறந்தது என்பதன் பொருளும் இதில் அடங்கியிருக்கிறது: இரம்பம் நாரைக் கவனியாது அறுக்கும், பிளவு நாரின் வழியே செல்லும்.

பச்சை மரத்தில் காம்பு செய்தல் கூடாது. மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில் சுருங்குகிறது. ஐப்பசி மழையில் இறுக்கமாகப் பொருந்திய காம்பு, சித்திரை வெயிலில் ஆட்டம் காண்பது இதனால்தான். நன்கு உலர்ந்த மரத்தைக் கோடையில் பொருத்தினால், மழைக்காலத்தில் அது சற்றே பருத்துத் தலையை மேலும் இறுகப் பற்றும்.

தலை ஆடத் தொடங்கியதும் கோடரியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது பலரின் வழக்கம். மரம் பருத்து இறுகுவது உண்மையே. ஆயினும் இது கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்றது. பருக்க முயலும் மரத்தை இரும்புத் துளையின் சுவர் தடுக்கிறது; செல்ல இடமின்றி மரத்தின் நுண்ணறைகள் நசுங்குகின்றன. பிறகு உலரும்போது காம்பு முன்பிருந்ததைவிடவும் மெலிந்துவிடும். ஒவ்வோர் ஊறலும் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும்.

முறையான தீர்வு ஆப்பு. காம்பின் மேல்நுனியில், துளையின் ஆழத்தில் மூன்றில் இரு பங்கு அளவுக்கு ஒரு வெட்டு இட வேண்டும். அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்துக் காம்பைத் துளைக்குள் பொருத்திய பின், கோடரியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்துக் காம்பின் அடியைக் கட்டையால் தட்டுவர். தரையில் ஊன்றாமலே தலை காம்பின்மேல் ஏறுவது காண்போருக்கு வியப்பளிக்கும். நியூட்டனின் முதல் விதியே இங்குச் செயல்படுகிறது: அடிபட்ட காம்பு கீழ்நோக்கி நகர, கனத்த தலை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. அதன்பின் வெட்டில் மர ஆப்பை அறைந்தால், நுனி விரிந்து, மேற்புறம் அகன்ற துளையை நிறைத்துவிடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் அவற்றுள் பலவற்றை இழந்தது. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு அதற்கு முன்னரே, 1989இல், புயலுக்கு வீழ்ந்திருந்தது. இத்தகைய நாள்களில் நெருக்கடியான தெருவில், சுற்றிலும் ஆள்கள் நிற்க, ஈரமான கிளைகளை வெட்ட நேரும். அப்போது கழன்று பறக்கும் தலை எவர்மேலும் பாயலாம். ஓங்குவதற்கு முன் தலையை அசைத்துப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

காம்பில் பளபளப்பு வண்ணம் பூசினால் கை வழுக்கும், கொப்புளமும் எழும். உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் தடவுவதே நல்லது. முறிந்த காம்பின் எச்சத்தை அகற்றத் தலையை நெருப்பில் இடுவோர் உண்டு. அவ்வெப்பம் அலகின் பதத்தைக் கெடுத்து முனையை மழுங்கச் செய்யும். தலைக்குக் கீழே காம்பை அறுத்து, எஞ்சிய மரத்தில் சில துளைகள் இட்டு, கீழிருந்து மேலாக அடித்து வெளியேற்றினால் எஃகுக்குக் கேடில்லை. கழிந்த காம்பிலும் நல்ல பகுதி இருக்கும். அது உளிக்குப் பிடியாகும், அல்லது அடுத்த காம்புக்கு ஆப்பாகும். மிஞ்சியது அடுப்புக்குப் போகும்.