ஓடும் வீட்டில் குளிர் காய்வது எப்படி?

வெளியே பனி கொட்டுகிறது. சாலை எங்கும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது.

ஒரு வேன் போகிறது. அதற்குள் ஒரு குடும்பம். அப்பா கையுறை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். அம்மாவும் குழந்தைகளும் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். அப்படியும் பல் தந்தி அடிக்கிறது!

வண்டிக்குச் சூடு தரும் கருவி இல்லையா? இருக்கிறது. ஆனால், கால் விரல்கூடச் சூடாகவில்லை!

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பழைய "வோக்ஸ்வாகன்" வேன் வைத்து இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை.

பகலில் வண்டி, இரவில் வீடு!

இந்த வேன் 1950-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தது. மறு ஆண்டே "வெஸ்ட்பாலியா" என்ற கம்பெனி, அதற்குள் படுக்கை, மேஜை, அலமாரி எல்லாம் வைத்துக் கொடுக்கத் தொடங்கியது. பகலில் அது வண்டி. இரவில் அதுவே வீடு!

அந்தக் காலத்து வண்டிகளை இன்றும் பலர் கண் போலக் காத்து வருகிறார்கள். அவர்களுக்கு உள்ள ஒரே தலைவலி, குளிர்தான்.

சூடு எங்கே போகிறது?

சாதாரண காரில் என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடுகிறது. அப்போது அந்தத் தண்ணீர் சூடாகிறது. அந்தச் சூட்டைத்தான் காருக்குள் திருப்பிவிடுகிறார்கள்.

பழைய வோக்ஸ்வாகன் வேனில் தண்ணீரே கிடையாது. காற்றுதான் என்ஜினைக் குளிரவைக்கிறது. என்ஜின் இருப்பதும் பின்பக்கம்.

என்ஜின் புகை வெளியேறும் குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கிறது. காற்றாடி அந்தக் கூட்டுக்குள் காற்றை ஊதுகிறது. கொதிக்கும் குழாயை உரசிக்கொண்டு போகும் காற்று சூடாகிறது. பிறகு, வண்டிக்கு அடியில் உள்ள நீண்ட குழாய் வழியாக முன்னால் வருகிறது.

அங்கேதான் வினை! வண்டியின் நீளம் சுமார் 14 அடி. குழாய்க்கு வெளியே பனிக்காற்று. முன்னால் வந்து சேருவதற்குள் பாதிச் சூடு பறிபோய்விடுகிறது!

ஓட்டைப் பானை

இதற்கு என்ன வழி?

புதுக் கருவி வாங்க உடனே ஓடவேண்டாம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? முதலில் பழுது பார்க்கவேண்டும்.

குழாய்களை இணைக்கும் பகுதி கிழிந்து இருக்கிறதா? மாற்றவேண்டும். சூட்டைத் திறந்துவிடும் சிறு கதவு, கம்பி துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறதா? சரி செய்யவேண்டும். அடியில் உள்ள குழாய்க்கு, வெப்பம் தாங்கும் உறை சுற்றவேண்டும்.

தகரக் கூட்டை மாற்றும்போதும் கவனம் தேவை. நல்ல கூட்டின் உள்ளே உலோகத் துடுப்புகள் இருக்கும். அவைதான் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. சில மலிவுக் கூடுகளில் இந்தத் துடுப்புகள் இருப்பது இல்லை.

கதவு ஓரத்து ரப்பர் காய்ந்து போனால் அதையும் மாற்றவேண்டும். தரையில் கனத்த விரிப்பு போடவேண்டும். இரவில் கண்ணாடிகளுக்குத் தடித்த மறைப்பு வைக்கவேண்டும்.

இரவில் என்ன செய்வது?

என்ஜின் நின்றால் சூடும் நின்றுவிடும். உறங்கும் நேரத்துக்குத் தனிக் கருவி வேண்டும்.

பெட்ரோலிலோ டீசலிலோ எரியும் சிறு கருவிகள் இருக்கின்றன. தீ ஒரு மூடிய அறைக்குள் எரியும். அதன் புகை தனிக் குழாய் வழியாக வெளியே போய்விடும். அந்த அறையின் வெளிப்புறத்தைத் தொட்டுவரும் சுத்தமான காற்றுதான் வண்டிக்குள் வரும். சிறிய டீசல் கருவி முழு வேகத்தில் எரிந்தாலும், மணிக்குக் கால் லிட்டரைச் சற்றே தாண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இனிச் சொல்லப்போவதுதான் மிகவும் முக்கியம்.

புகைக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? சூடான காற்றோடு புகையும் சேர்ந்து வண்டிக்குள் வரும்! அந்தப் புகையில் "கார்பன் மோனாக்சைடு" என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை.

நம் ரத்தம் பிராணவாயுவைவிட, இந்த விஷவாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கும். மயக்கம் வரும். குமட்டும். உறங்குகிறவர்களோ உறக்கத்திலேயே இறந்துவிடுவார்கள்!

ஆகவே, குழாயைச் சோதிக்காமல் சூட்டைத் திறக்கவே கூடாது. விஷவாயு வந்தால் அலறும் எச்சரிக்கைக் கருவியை வண்டிக்குள் கட்டாயம் வைக்கவேண்டும். அது அலறினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

காற்று வருவதற்கு என்று வைத்த துவாரத்தை, குளிருக்குப் பயந்து அடைக்கக்கூடாது. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயக்கூடாது.

எங்கோ ஜெர்மனியில் ஓடும் வேனைப் பற்றிய பேச்சுதானே என்று இருந்துவிடாதீர்கள். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனால், பூட்டிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். கரி நெருப்பில் இருந்து வருவதும் இதே விஷவாயுதான்.

குளிர் அடித்தால் இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?